சன்னலைத் தட்டும் நேரம்

பொழுது சாயப்போகிறது என்றால் பெரினுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அடுப்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு வெந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டாள். சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிவிடுவாள். "ஆட்டைப் பாக்கப் போறேன்" என்பாள், கேட்காதவர்களிடமும். ஆடு என்ன ஆடு! உஷாந்த் தீவில் குளிர்காலம் முழுக்க ஆடுகள் அவிழ்த்துவிட்ட இடத்தில் மேயும், ஒருத்தரும் தேடிப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவள் சொல்லக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கும் தெரியும்.

விஷயம் வேறு. அந்தத் தீவில் கடல் கொண்டுபோனவனின் சேதி பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு வந்து சேரும். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தைதான் அதைக் கொண்டுவர வேண்டும். கதவைத் தட்டக் கூடாது. சன்னலில் விரல் முட்டியால் மெதுவாக மூன்று தட்டு. "பாவம் பொண்ணே, இன்னிக்கு ராத்திரி உன் வீட்டுல புரொயெல்லா." அவ்வளவுதான். உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக விரல் நீளத்தில் ஒரு மெழுகுச் சிலுவை. அதை மேசையில் கிடத்தி, ஊர் கூடி விடிய விடிய ஜெபம் சொல்லி, காலையில் கோயிலுக்கு எடுத்துப்போய் அங்கிருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டால் ஆளை அடக்கம் செய்ததாக அர்த்தம். அதற்குப் பெயர்தான் புரொயெல்லா. வழியில் மறித்துச் சொன்னால் செல்லாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. சன்னலுக்கு உள்ளே பெண்டாட்டி இருக்க வேண்டும், வெளியே ஞானத்தந்தை நிற்க வேண்டும். அதுவரை ஊரே வாயில் கொழுக்கட்டையோடு திரிய வேண்டியதுதான்.

அப்படியானால், அந்த நேரத்தில் அவள் வீட்டிலேயே இல்லாவிட்டால்? சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் குல்வென் சாகவில்லை. பெரின் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிறு இதுதான்.

நடந்தது இது. மூடுபனியில் வழி தவறிய ஒரு சரக்குக் கப்பல், எந்த நாட்டதோ, இரும்புத் தாது ஏற்றி வந்தது, தீவின் மேற்குப் பாறைகளில் போய் உட்கார்ந்துகொண்டது. பனி விலகியபோது காற்று கிளம்பிவிட்டது. லம்போல் துறையிலிருந்து மீட்புப் படகை இறக்கினார்கள். துடுப்புக்குப் பத்துப் பேர், சுக்கானில் கொரந்தேன். பத்துப் பேரில் ஒருவன் குல்வென், பெரினின் புருஷன். மூன்று தடவை அலை படகை வெளியே தள்ளியும் விடாமல் போய்க் கப்பலோடு ஒட்டி நின்று, அங்கிருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். கடைசியில் கப்பலின் சமையல்காரன் மட்டும் ஏணியில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கினான். குல்வென் துடுப்பை வைத்துவிட்டு ஏறினான். சிக்கை அறுத்தான், ஆளைப் படகுக்குள் தள்ளினான். அடுத்த அலை வந்து போனபோது ஏணி இருந்தது, அவன் இல்லை.

கொரந்தேன் அங்கேயே படகைச் சுழற்றிச் சுழற்றித் தேடினார், கத்தினார். முழங்கால் வரைக்கும் தண்ணீர் ஏறி, இனி ஒரு அலை உள்ளே விழுந்தால் எல்லோரும் கீழே என்று ஆனபோது சுக்கானைத் திருப்பினார். கரைப் பக்கம் திருப்பினார். குல்வெனுக்கு ஞானத்தந்தையும் அவர்தான். அப்பன் முகம் தெரியாத பையனை மடியில் போட்டு வளர்த்ததும் அவர்தான். விதிக்குத்தான் என்ன குசும்பு பாருங்கள், சன்னலைத் தட்ட வேண்டியதும் அவரே.

"திருப்பினவரே வந்து சொல்லட்டும், நான் உக்காந்து கேக்கறேன்னு நெனச்சாங்களா?" என்று பெரின் கல்சுவரிடம் கேட்டாள். அந்தத் தீவில் மரம் கிடையாது. பேச வேண்டுமென்றால் கல்சுவர்தான் உண்டு.

அவளுக்கு நம்பிக்கை வர ஒரு காரணமும் இருந்தது. லெயோன் என்று ஒருவர் ஊரில் இருக்கிறார். இளவயதில் கடலில் விழுந்து, புரொயெல்லா நடந்து, சிலுவை பெட்டிக்குள் போய், பெண்டாட்டி கறுப்புத் துணி கட்டி ஆறேழு மாதம் கழித்து, காதில் தங்க வளையத்தோடு வந்து இறங்கினார். எதிரே வந்த கப்பல் ஒன்று தூக்கிப்போட்டுக்கொண்டு உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டதாம். பெட்டியில் எது அவருடைய சிலுவை என்று சாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் மெழுகு லெயோன். அவருக்கு வந்த அதிர்ஷ்டம் குல்வெனுக்கு வரக் கூடாதா என்ன? கடல் என்ன லெயோனுக்கு மாமன் மச்சானா?

அதனால் நடந்தாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவளைப் போல நடந்தாள். விடிந்ததும் மேற்குக் கரை, மதியம் தெற்குக் கரை. கரையில் ஒதுங்கிய பலகை, பீப்பாய், ஒற்றைத் துடுப்பு எதையும் விடாமல் புரட்டிப் பார்த்தாள். பாசி வாரும் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வேலையைத் தொட்டால் கை ஓடவில்லை. காப்பாற்றப்பட்ட சமையல்காரன் பெருநிலத்துக்குப் படகு ஏறும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு புரியாத பாஷையில் என்னென்னமோ சொல்லி அழுதான். "அழாதய்யா, அவரு வந்ததும் சொல்றேன்" என்று அவள்தான் அவனைத் தட்டிக்கொடுத்தாள்.

எங்கே சுற்றினாலும் கடைசியில் படகுக் கொட்டகைக்குப் போவாள். துடுப்புக்காரர்கள் படகு ஏறும்போது கட்டைச் செருப்பைக் கொட்டகைச் சுவரோரம் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து மாட்டிக்கொள்வார்கள். இப்போது அங்கே ஒரே ஒரு ஜோடி. மரத்தைக் குடைந்து செய்த கனத்த செருப்பு. அடியில் அடித்த ஆணிகளில் வலது காலில் ஒன்று தளர்ந்து ஆடும். நடந்தால் டக், டக்-டிக், டக், டக்-டிக் என்று கேட்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே பெரின் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவிடுவாள். ஆணியை அடித்துத் தொலையேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். "அடிச்சுட்டா நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?" என்பான் அவன், பெரிய புத்திசாலி மாதிரி.

அந்தச் செருப்பை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. உயிரோடிருப்பவனின் கட்டைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது; செத்தவன் வீட்டில்தான் அப்படி எடுத்துப் போவார்கள். தவிர, அவன் வந்து இறங்கினால் வெறுங்காலோடா வீட்டுக்கு நடப்பான்?

கொரந்தேனும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். பொழுது சாயும் நேரத்தில், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கோட்டுப் பையில் மெழுகுச் சிலுவையோடு. அவர் முன்பக்கம் வருவார், அவள் பின்பக்கம் போயிருப்பாள். இருட்டிய பிறகு சேதி சொல்லக் கூடாது என்பதால் சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மறுநாளும் அதே கதை. கிழவருக்குத் தண்ணி காட்டிவிட்டதாகப் பெரினுக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி.

ஒருநாள் மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பாறையில் சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. துணியை நனைத்துக் காலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. சந்தில் கொரந்தேன் வருகிறார். அவள் எழுந்து நிற்பதற்குள் அவருடைய கண்ணும் அவளுடைய கண்ணும் சன்னல் வழியாக ஒன்றையொன்று பார்த்துவிட்டன. முடிந்தது கதை என்று நினைத்தாள். அவரோ அப்படியே நின்று, பையைத் தடவி, புகைக்குழாயை எடுத்து, காற்றுக்கு மறைவாகக் கல்சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். பற்றவைக்கிறார், பற்றவைக்கிறார், அவ்வளவு நேரம் பற்றவைக்கிறார். அதற்குள் பெரின் நொண்டி நொண்டிப் பின்வாசலைத் தாண்டிவிட்டாள். தேவமாதா காப்பாற்றினாள் என்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ரோசாலி வேலிக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டாள். ரோசாலியின் புருஷனும் அந்தப் படகில் துடுப்புப் போட்டவன்தான். இத்தனை நாள் வாயை மூடியிருந்ததே அவளுக்குப் பெரிய விஷயம்.

"ஏண்டி, கால் வீங்கிக் கெடக்கு, இன்னிக்கும் ஆடு மேய்க்கப் போறியா?"

"போவேன். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? எங்க வீட்டு ஆளு ராத்திரியில தூங்கறது கெடையாது. எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு வெறும் கையால துடுப்புப் போடறாரு. அழுதுடுய்யான்னா, 'அவளுக்கே இன்னும் சொல்லல, நான் எப்படி அழறது'ங்கறாரு. ஊர்ல ஒரு மெழுகுவத்தி கொளுத்த முடியல, கோயில்ல ஒரு பேரைச் சொல்ல முடியல. நீ குட்டி போட்ட பூனையாட்டம் தீவைச் சுத்திக்கிட்டு இருக்கே."

"நான் ஒண்ணும் யாரையும் அழ வேணாங்கல. அழறதுக்கு ஒண்ணும் நடக்கலேங்கறேன்."

"சரி, விடு." ரோசாலி ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பெரிய கெட்டிக்காரி, கொரந்தேன் தாத்தாவை ஏமாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே இல்ல? அந்த மனுஷன் இருட்டுல, புயல்ல, பாறைக்கும் பாறைக்கும் நடுவுல படகை ஊசியில நூல் கோக்குற மாதிரிக் கொண்டுபோறவரு. நொண்டிக் காலோட ஓடற ஒரு பொம்பளையைப் பிடிக்கத் தெரியாதா அவருக்கு? போடி, போய் யோசி."

பெரின் யோசிக்கவில்லை. கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. ரோசாலிக்குப் புருஷன் இருக்கிறான், ராத்திரியில் எழுந்து உட்காரவாவது ஒருத்தன் இருக்கிறான். பேச மாட்டாளா பின்னே!

கால் வலியில் தூரம் போக முடியவில்லை. நேரே படகுக் கொட்டகைக்குப் போனாள். செருப்பு இருந்தது. ஆனால் மூலைக்கு நகர்ந்திருந்தது, மழைச்சாரல் படாத பக்கமாக. குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கட்டைச் செருப்புக்குள் காலுக்கு இதமாக வைக்கோல் திணிப்பார்கள். இத்தனை நாள் சாரலுக்கு அது அழுகி நாறியிருக்க வேண்டும். கையில் பட்டது காய்ந்த வைக்கோல். புதுசு. வாசனைகூடப் போகவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ ஒருத்தர் நம்புகிறார்கள்! இந்தத் தீவில் தன்னைத் தவிர இன்னொரு ஆத்மா, குல்வென் வருவான், வந்து இதில் காலை நுழைப்பான் என்று நம்பி, ஈர வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டுக் காய்ந்த வைக்கோலைத் திணித்து வைத்திருக்கிறது. அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. யாரென்று பார்த்துவிடுவது என்று படகுக்குப் பின்னால், சுருட்டிப் போட்ட பாய்த்துணிமேல் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் ஒருத்தரும் வரவில்லை. மழை தூறி ஓய்ந்தது.

மதியத்துக்குப் பிறகு கதவு கிறீச்சிட்டது. கறுப்புக் கோட்டு. கக்கத்தில் ஒரு பிடி வைக்கோல்.

கொரந்தேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். செருப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நேற்றுத் திணித்ததை வெளியே எடுத்தார். காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் எடுத்தார். புதுசைக் கையால் கசக்கி, முள் இல்லாமல் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தார்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்றார் செருப்பிடம். "சின்ன வயசுலயும் இப்படித்தான். கூப்பிட்டா ஒரு தடவையில வந்திருக்கியா? என்னால எத்தனை நாளைக்குடா இழுத்தடிக்க முடியும்? அவ கெட்டிக்காரப் பொண்ணு, ஓடறா. ஓடட்டும்னு நானும் வழியில வழியில நிக்கறேன். நேத்து மாட்டியிருப்பா, தெரியுமா? இல்லாத பொகையிலையைப் பத்தவச்சேன். சீக்கிரம் வந்துடு. ஊர்ல என்னைத் திட்டறாங்க. நான் திரும்பி வந்துட்டேன்னு நீ கோவிச்சுக்கிட்டு நிக்கறியா? அடிக்கணும்னா வந்து அடி. வா."

செருப்பைச் சுவரோரம் வைத்தார், முனை ஊர்ப் பக்கம் பார்க்கும்படி, கடலிலிருந்து வருகிறவன் அப்படியே காலை நுழைக்கத் தோதாக. போய்விட்டார்.

பெரின் எழுந்திருக்கவில்லை. தான் இத்தனை நாள் ஓடியது இவரிடமிருந்து என்று நினைத்தாளே! அவரும் அவளிடமிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கமாகக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். படகில் இருந்தவர் அவர். அந்த அலையை நேரில் பார்த்தவர். அந்தக் கடலை அவரைப் போல் அறிந்தவர் தீவில் இல்லை. அந்தக் கடலில் ஒருவன் எவ்வளவு நேரம் மிதக்க முடியும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், வைக்கோலைக் கசக்கி முள் பார்த்த அந்தக் கை! அதைப் பார்த்தபோதுதான் பெரினுக்கு விளங்கியது, இது நம்பிக்கை இல்லை என்று. அவருடையதும் இல்லை, தன்னுடையதும் இல்லை. குல்வென் செத்துப்போனான். அவள் அந்தப் பாய்த்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள். கேட்பாரில்லாமல், ஆசை தீர அழுதாள்.

அழுது முடித்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. எழுந்தாள். செருப்பை இனி இங்கே விட முடியாது. கையில் தூக்கலாம், இப்போது தூக்கத் தடையில்லை. தூக்கினாள், இரண்டடி வைத்தாள், முடியவில்லை. சன்னலைத் தட்டிச் சொல்லாத வரைக்கும் அது இன்னும் உயிரோடிருப்பவன் செருப்புதான். தன்னுடையதைக் கழற்றிச் சால்வையில் முடிந்துகொண்டு, அவனுடையதில் காலை விட்டாள். பெரிசாக இருந்தது. ஆனால் வீங்கிய கால் நன்றாக உட்கார்ந்துகொண்டது, வைக்கோல் மெத்தென்று இருந்தது.

கொரந்தேன் வீடு துறைக்கு மேலே, கடைசி வீடு. அந்த வாசலுக்கு அவள் இதற்கு முன்பும் ஒருநாள் இப்படிப் பொழுது சாயும் நேரத்தில் வந்திருக்கிறாள். உஷாந்தில் பெண்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவாள். பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரின் வந்து நின்றாள். பையன் அதை வாங்கித் தின்றால் சம்மதம். கதவைத் திறந்த கொரந்தேன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொழுப்பு எதுக்கும்மா தனியாக் கொண்டாந்தே? உங்கிட்டயே வேணுங்கற மட்டும் இருக்கே!" என்றார். உள்ளேயிருந்து குல்வென் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கல்பாவிய ஏற்றத்தில் ஏறினாள். டக், டக்-டிக். டக், டக்-டிக். அவளுக்கு அந்தச் சத்தம் உறைக்கவே இல்லை. சொல்ல வேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்குள் ஏதோ உருண்டு விழுந்தது. கதவு சுவரில் மோதித் திறந்தது. கொரந்தேன் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக, வெறுங்காலோடு வாசலில் நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"வந்துட்டியாடா! என் சாமி! வந்துட்..."

அவளைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

ஐயோ, தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பெரினுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆனால் ஓடி ஓடி என்ன கண்டாள்? கதவு திறந்திருந்தும் உள்ளே போகாமல், வெளியே சன்னல் பக்கம் போய் நின்றாள். விரல் முட்டியால் மெதுவாக மூன்று தடவை தட்டினாள்.

"பாவம் மாமா, இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டுல புரொயெல்லா."

கொரந்தேன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான்ல உனக்குச் சொல்லணும்."

"யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல, மாமா."

"பொண்ணே, நான் திருப்பிட்டேன். அவன் அங்க இருக்கறப்பவே திருப்பிட்டேன். அவன் பார்த்திருப்பான், நான் முதுகைக் காட்டிட்டுப் போறதை."

இத்தனை நாள் அவள் கல்சுவரிடம் கேட்ட கேள்வி அதுதான். கேட்டுக் கேட்டு மனசில் கூர்தீட்டி வைத்திருந்தாள். இப்போது அவரே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நீங்க திருப்பலேன்னா, இன்னிக்கு ஊர்ல பத்து வீட்டுச் சன்னலைத் தட்டணும்" என்றாள். "தட்டறதுக்கு நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தது. குழந்தை மாதிரி, வாயைத் திறந்துகொண்டு, சத்தம் போட்டு அழுதார். கீழே துறையில் வலை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். சேதி சொல்லியாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பெரின் வீட்டை அடைவதற்குள் ரோசாலி அடுப்பை மூட்டி, மேசையைத் துடைத்து, மெழுகுவர்த்தியோடு நின்றாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பெரினின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை, வெள்ளைத் துணித் தொப்பியை, எடுத்து மேசை நடுவில் விரித்தாள். அதன்மேல்தான் சிலுவையை வைக்க வேண்டும்.

கொரந்தேன் கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சிலுவையை வெளியே எடுத்தார். எடுத்தவர் திகைத்து நின்றார். இத்தனை நாள் நெஞ்சுச் சூட்டிலேயே கிடந்ததில் மெழுகு இளகி, ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தது. ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறவனைப் போல் இருந்தது. அவர் அவசர அவசரமாகக் கட்டைவிரலால் அதை நிமிர்த்தப் போனார்.

"வேணாம் மாமா, ஒடஞ்சிடும்" என்றாள் பெரின். "அவரு அப்படித்தான் தூங்குவாரு."

அவர் அதைத் தொப்பியின்மேல் வைத்தார். பெரின் காலிலிருந்த செருப்பைக் கழற்றி, மேசைக்குக் கீழே, சுவரோரம் ஜோடியாக வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.